வாசல் மணியும் வறட்டுக் கௌரவமும்

என் வீட்டு வாசல் மணி பதினொரு நாட்கள் மௌன விரதம் இருந்தது. பதினொன்றாம் நாள் மாலை அந்த விரதத்தைக் கலைத்தவன் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருக்கிறது. அதைவிட அதிகமாக வெட்கம் இருக்கிறது. பெருமையை இரண்டு பத்தியில் முடித்துவிடலாம். வெட்கத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வாசல் மணி கெட்டுப்போவதில் ஒரு விசேஷம் உண்டு. விளக்கு எரியாவிட்டால் வீட்டுக்காரனுக்குத் தெரிகிறது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் அடுத்த நிமிஷமே தெரிகிறது. மணி அடிக்காவிட்டால் மட்டும் உள்ளே இருப்பவனுக்குத் தெரிவதில்லை. அடிக்காத மணி காதில் எப்படி விழும்? வெளியே நிற்பவனுக்கும் தெரிவதில்லை. அவன் பொத்தானை அழுத்துகிறான். உள்ளே அடித்திருக்கும் என்று நம்புகிறான். காத்திருக்கிறான். மறுபடியும் அழுத்தினால் மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று தயங்குகிறான். பிறகு, "இந்த எழுத்தாளனுக்கு வந்த கர்வத்தைப் பார்!" என்று எண்ணிக்கொண்டு திரும்பிப் போகிறான். உள்ளே நானோ, "ஏன் இப்போதெல்லாம் நம் வீட்டுக்கு ஒருத்தருமே வருவதில்லை?" என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படி மூன்று நாட்கள் போயின. நாலாம் நாள், பதிவுத் தபால் ஒன்று வந்து திரும்பிவிட்டது என்று தெரிந்தது. தபால்காரர் மேல் குற்றம் சொல்ல நியாயமில்லை; அவர் மணியை அழுத்தியிருக்கிறார். ஆறாம் நாள் சமையல் வாயு சிலிண்டர் கொண்டு வந்தவரும் அதே மாதிரி திரும்பிப் போனார். அதன் பிறகு நான் ஒரு பெரிய காரியம் செய்தேன். வெள்ளைக் காகிதத்தில், "மணி வேலை செய்யவில்லை, கதவைத் தட்டவும்" என்று எழுதிப் பொத்தானுக்கு மேலே ஒட்டினேன். எழுத்தாளனுக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் எழுதத்தானே தெரியும்! எழுத்து அழகாகவே இருந்தது.

ஒன்பதாம் நாள் என் மனைவியின் அத்தை வந்தார். எழுபத்திரண்டு வயது. ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்குப் பஸ் ஏறி, நிறுத்தத்திலிருந்து சித்திரை வெயிலில் நடந்து வந்திருக்கிறார். கண் மங்கலாதலால் நான் எழுதி ஒட்டியதை அவரால் படிக்க முடியவில்லை. பொத்தானை அழுத்தியிருக்கிறார். உள்ளே மின்விசிறியும் தொலைக்காட்சியும் சேர்ந்து இரைந்துகொண்டிருந்தன. அரைமணி நேரம் கழித்து நான் எதற்கோ கதவைத் திறந்தபோது, அவர் வாசற்படியில், புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன அத்தை இது! கூப்பிடக் கூடாதா?" என்று பதறினேன்.

"நாலு தடவை அமுக்கினேன் மாப்பிள்ளே. வீட்டிலே யாரும் இல்லை போலிருக்கு, வரட்டும்னு உட்கார்ந்துட்டேன்" என்றார்.

அவர் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சொல்லவில்லை. மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "மணிக்கு என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டார்.

மணிக்கு என்ன ஆயிற்று? இந்தக் கேள்வியை ஒன்பது நாட்களாக இந்த வீட்டில் ஒருவருமே கேட்கவில்லை. "ஆளுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டோம். "ஆள் எப்போது வருவான்?" என்று கேட்டோம். மணிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை. எலக்ட்ரீஷியனுக்குத் தொலைபேசியில் நாலு முறை சொன்னேன். அவர், "நாளைக்கு வர்றேன் சார்" என்று நாலு முறையும் மரியாதையாகச் சொன்னார். கல்யாண மண்டபத்தில் பெரிய வேலையை விட்டுவிட்டு ஒரு டிங் டாங் மணிக்காக அவர் ஏன் ஓடி வரவேண்டும்?

அன்று மாலை எதிர்வீட்டு நண்பரிடம் என் மனத்தாங்கலைச் சொன்னேன். அவர் கல்லூரியில் முப்பது வருஷம் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவர். "நானே திறந்து பார்க்கலாமா என்று நினைக்கிறேன்" என்றேன். அவர் ஏதோ நான் வீதியில் இறங்கிக் கழைக்கூத்தாடப் போவதாகச் சொல்லிவிட்டது போலப் பார்த்தார்.

"உங்களுக்கு எதற்கு சார் அந்த வேலை? அவனவன் வேலையை அவனவன் செய்தால்தான் அழகு" என்றார்.

இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. நண்பரோடு அல்ல, அவர் தங்கமானவர். அவருக்கு முன்னாலும் இதை ஆயிரம் பேர் சொல்லியிருக்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். வாசகர்களில் பலரும் நேற்றோ முந்தாநாளோ சொல்லியிருப்பீர்கள். ஆகவே சண்டை நம் எல்லோருக்கும் பொது.

சண்டைக்கு முன்னால், அந்த இரண்டு பத்திப் பெருமையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மெயின் ஸ்விட்ச்சை அணைத்தேன். அதோடு இன்வெர்ட்டரையும் அணைத்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன்: இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை மட்டும் அணைத்துவிட்டு ஏணியில் ஏறுகிறவன், புலியைக் கூண்டில் அடைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்தவனாவான். அயல்நாட்டு வீடுகள் பலவற்றில் வாசல் மணிக்கு ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் வைத்து, மின்சாரத்தை இருபது வோல்ட்டு அளவுக்கு அடக்கி அனுப்புகிறார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் வாசலில் இருக்கும் அந்தச் சின்னப் பொத்தானுக்குள் 230 வோல்ட் முழுசாக வந்து நிற்கிறது. டெஸ்டரை முதலில் மின்சாரம் ஓடும் ஓரிடத்தில் வைத்து, அது ஒழுங்காக எரிகிறது என்று பார்த்துக்கொண்டேன். அணைத்த பிறகு பொத்தானிலும் மணியிலும் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுத்தேன்.

பொத்தானின் மூடியைக் கழற்றியதும் கிடைத்த காட்சியை நான் எளிதில் மறக்கமாட்டேன். உள்ளே இரண்டு சிறு தகடுகள். அழுத்தினால் அவை ஒன்றையொன்று தொடவேண்டும். அவற்றுக்கு நடுவே எறும்புகள், எத்தனையோ தலைமுறை எறும்புகள், நசுங்கிக் காய்ந்து கறுத்து ஒரு மெத்தையாகப் படிந்திருந்தன. விருந்தாளிகள் விரலால் அழுத்த அழுத்த மெத்தை தடித்துக்கொண்டே வந்திருக்கிறது. உப்புத்தாளை மெல்லியதாக மடித்துத் தகடுகளைத் தேய்த்தேன். செம்பின் நிறம் வந்தது. பிறகு ஏணி வைத்து மணியைத் திறந்தேன். அதற்குள் ஒரு கம்பிச் சுருள். சுருளின் நடுவே குழாய். குழாய்க்குள் குட்டி உலக்கை மாதிரி ஓர் இரும்புத் துண்டு. இரண்டு பக்கமும் இரண்டு உலோகத் தகடுகள். பொத்தானை அழுத்தினால் சுருள் காந்தமாகிறது. உலக்கை பாய்ந்து போய் ஒரு தகட்டை மோதுகிறது: டிங். விரலை எடுத்தால் காந்தம் போய்விடுகிறது. ஸ்பிரிங் உலக்கையைத் திருப்பித் தள்ள, அது மற்றத் தகட்டை மோதுகிறது: டாங். இவ்வளவுதான் விஷயம். என் வீட்டு உலக்கை நகரவே இல்லை. போன வருஷம் 'டாங்' சத்தம் மட்டும் வராதபோது நான் அதில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டது நினைவுக்கு வந்தது. எண்ணெய் தூசியைப் பிடித்து, தூசி பசையாகி, உலக்கையைக் குழாயோடு ஒட்டி வைத்திருந்தது. அங்கே எண்ணெயே விடக்கூடாது. உலர்ந்த உலோகம் உலர்ந்த குழாயில் ஓடவேண்டும். பழைய பல் துலக்கும் பிரஷாலும் கொஞ்சம் ஸ்பிரிட்டாலும் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினேன். ஆக, மணியைக் கெடுத்ததில் எறும்புக்குப் பாதிப் பங்கு, எனக்குப் பாதிப் பங்கு. மொத்தச் செலவு ஓர் உப்புத்தாள். மொத்த நேரம் ஐம்பது நிமிஷம். அதில் அரைமணி, ஏணியில் ஏறுவதா வேண்டாமா என்று யோசித்தது.

பெருமை முடிந்தது. இனி வெட்கம்.

பள்ளிக்கூடத்தில் பௌதிகப் புத்தகத்தில் மின்சார மணியின் படம் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். குதிரை லாடம் போல ஒரு மின்காந்தம், அதன் மேல் சுற்றிய கம்பி, எதிரே ஒரு தகடு, தகட்டின் நுனியில் சிறு சுத்தி, சுத்திக்கு எதிரே கிண்ணம். நான் அந்தப் படத்தைப் பென்சிலைச் சீவிச் சீவி வரைந்து, பாகங்களைக் குறித்து, "மின்னோட்டம் தடைப்பட்டதும் காந்தத் தன்மை மறைகிறது" என்று எழுதி, முழு மதிப்பெண் வாங்கியவன். கல்லூரி வாசலை மிதித்து இரண்டு வருஷத்தில் திரும்பிவிட்டவன்தான் என்றாலும், அந்தப் படத்தை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். அப்படியிருந்தும், ஒரு நிஜ மணி என் தலைக்கு மேலே ஆறடி உயரத்தில் செத்துக் கிடந்தபோது, அதற்கும் நான் வரைந்த படத்துக்கும் சம்பந்தம் உண்டு என்றே எனக்குத் தோன்றவில்லை. எதிர்வீட்டு நண்பர் முப்பது வருஷம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அதே படத்தைப் போட்டுக் காட்டியவர், அவருக்கும் தோன்றவில்லை. படம் பரீட்சைக்கு, மணி ஆளுக்கு. படத்தைப் போடுவது வித்தை. மணியைத் திறப்பது கூலி வேலை. இப்படி ஒரு சுவரை யார் கட்டினார்கள்?

மணி எங்கே பிறந்தது என்று பார்த்தால் இந்தச் சுவரின் அசட்டுத்தனம் விளங்கும். அமெரிக்காவில் ஆல்பனி என்ற ஊரில் ஜோசப் ஹென்றி என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். ஏழை வீட்டுப் பிள்ளை. சிறு வயதில் கடிகாரம் செய்பவரிடம் தொழில் பழகியவர். 1820-ல் டென்மார்க்கில் எர்ஸ்டெட் என்பவர் மின்சாரம் காந்த ஊசியை அசைக்கிறது என்று கண்டிருந்தார். அதன் பின் இங்கிலாந்தில் ஸ்டர்ஜன் முதல் மின்காந்தத்தைச் செய்தார். அந்த ஸ்டர்ஜன் சிறு வயதில் செருப்புத் தைக்கப் பழகியவர். ஹென்றி கம்பிக்கு உறை சுற்றி, நெருக்கமாகப் பல அடுக்காகச் சுருட்டி, மிக வலுவான காந்தங்களைச் செய்தார். 1831-வாக்கில், சுமார் ஒரு மைல் நீளக் கம்பியை அறையின் சுவர்களைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, ஒரு முனையில் மின்சாரத்தைக் கொடுத்து மறு முனையில் ஒரு மணியை அடிக்க வைத்துத் தம் மாணவர்களுக்குக் காட்டினார். நம் வாசல் மணிக்கும் தந்திக்கும் அது பாட்டன். கடிகாரக்காரரின் சீடனும் செருப்புத் தைக்கப் பழகியவனும் விரல் நோவக் கம்பி சுற்றியதால் வந்த வித்தை அது. அதைப் படமாக்கி மதிப்பெண் வாங்கிய நாம், விரலில் கறை படுவதை அவமானம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம்!

அயல்நாட்டுக்குப் போவானேன்? நம் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். வெள்ளைக்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, பிரித்துப் போட்டு மறுபடி பூட்டிப் பார்த்தே யந்திரம் கற்றுக்கொண்டார். 1937-ல் கோயம்புத்தூரில் மின்மோட்டார் செய்து காட்டிய கூட்டத்தில் அவர் முக்கியமானவர். இன்று நாம் அவருடைய பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை மிக்ஸியைத் திருப்பிப் போட்டுத் திருப்புளியை எடுத்தால், "வை கீழே! போய்ப் படி!" என்று அதட்டுகிறோம்.

"அவனவன் வேலையை அவனவன் செய்ய வேண்டும்." கேட்பதற்கு இது நவீனமான நிர்வாகக் கொள்கை போல இருக்கிறது. ஆனால் இதன் வயதைப் பாருங்கள். இன்ன வேலை இன்னாருக்கு என்று பிறப்பிலேயே பிரித்து வைத்த பழைய ஏற்பாட்டின் வாக்கியமேதான் இது. வேட்டியை அவிழ்த்துவிட்டுக் கால்சட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இல்லையென்றால் ஏன் அந்த 'அவன்'? டாக்டரை 'அவர்' என்கிறோம். வக்கீலை 'அவர்' என்கிறோம். பிளம்பர், தச்சர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் ஏன் 'அவன்' ஆகிறார்கள்? நம் வீட்டில் அலமாரி நிறைய எவர்சில்வர் டம்ளர் இருக்க, அவருக்கு மட்டும் ஏன் பிளாஸ்டிக் கிளாஸில் தண்ணீர் போகிறது? மூன்று நாற்காலி காலியாக இருக்க, ஏணியிலிருந்து இறங்கிய மனிதர் ஏன் நின்றுகொண்டே காப்பி குடிக்கிறார்? கடையில் விலைச் சீட்டைப் பார்த்து வாய் திறக்காமல் ஐந்தாயிரம் கொடுக்கிற நாம், அவரிடம் மட்டும் ஏன் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம்? அவருடைய வேலை நமக்குத் தெரியாது. தெரியாததை மதிக்க வேண்டும் என்பது உலக நியாயம். நாமோ தெரியாததையே கௌரவமாக வைத்துக்கொண்டு, தெரிந்தவரைக் கீழே நிறுத்துகிறோம்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. தொழிலாளியைக் கதாநாயகனாக வைத்து இரண்டு நாவல் எழுதியிருக்கிறேன். அவனுடைய வியர்வையைப் பற்றி உருக்கமாக எழுதினேன். அவன் கையிலிருந்த கருவிகளுக்குப் பெயர் தெரியாததால் 'கருவிகள்' என்று பொதுவாக எழுதித் தப்பித்துக்கொண்டேன். வாசகர்கள் கண்டுபிடிக்கவில்லை. உங்களுக்கும் அந்தப் பெயர்கள் தெரியாது என்பது எனக்கு அனுகூலமாயிற்று.

இங்கே ஒரு பழைய சரித்திரத்தைத் தொட்டாக வேண்டும். 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியைப் பற்றிப் பேசினார்; கைத்தொழிலின் வழியாகவே பிள்ளைகள் எல்லாப் பாடங்களையும் கற்க வேண்டும் என்றார். நாடு கும்பிட்டுக் கேட்டது. பிறகு பிள்ளைகளை வழக்கமான பள்ளிக்கூடத்துக்கே அனுப்பியது. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, பிள்ளைகள் ஒரு வேளை பள்ளியில் படிக்கட்டும், மற்ற வேளை பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் வந்தது. குலக்கல்வி என்று பெயர் வாங்கி, பெரும் எதிர்ப்பைக் கிளப்பி, 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. கைவிட்டது நியாயம். செருப்புத் தைப்பவர் மகன் மறுபடியும் ஊசியைத்தான் எடுக்க வேண்டும், குமாஸ்தா மகன் மறுபடியும் பேனாவைத்தான் எடுக்க வேண்டும் என்றால், அது கைத்தொழிலுக்குக் கொடுத்த மரியாதையாகாது; சுவருக்கு மேல் இன்னொரு வரிசைச் செங்கல்.

ஆனால் அந்தச் சண்டையில் ஜெயித்த பிறகு, செய்ய வேண்டிய மறு பாதிக் காரியத்தை நாம் மறந்தோம். தொழிலாளியின் மகன் கையில் புத்தகம் கொடுக்க வேண்டும் என்று போராடினோம், கொடுத்தோம், தமிழ்நாடு அதனால் தலை நிமிர்ந்தது. குமாஸ்தாவின் மகன் கையில் திருப்புளி கொடுக்க வேண்டும் என்று ஒருவரும் போராடவில்லை. ஒரு பக்கம் மட்டும் இடித்த சுவர் இன்னும் நிற்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்துகொண்டுதான், "எல்லாம் படித்துவிட்டான்கள், வேலைக்கு ஆளே கிடைப்பதில்லை" என்று நாம் அங்கலாய்க்கிறோம்.

மூன்று ஆட்சேபணைகள் வரும். வரட்டும்.

முதல் ஆட்சேபணை: "மின்சாரம் ஆபத்து." வாஸ்தவம். மிகவும் ஆபத்து. ஆகையால்தான் மெயினைப் பற்றியும் இன்வெர்ட்டரைப் பற்றியும் டெஸ்டரைப் பற்றியும் அத்தனை விரிவாகச் சொன்னேன். மீட்டர் பெட்டியைத் திற, சுவருக்குள் புது ஒயர் இழு என்று நான் யாருக்கும் சொல்லவில்லை; அது உரிமம் பெற்றவரின் காரியம். ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்றுகொண்டு எதையும் தொடக்கூடாது. ஆனால் ஆபத்து என்று சொல்லி விலகுகிற நம் வீடுகளில் உண்மையாக நடப்பது என்ன? பொத்தான் உடைந்து தகடு வெளியே தெரியும். மழைச் சாரல் அதில் அடிக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தை எட்டி எட்டி அதை அழுத்தும். நாம், ஆள் வரட்டும் என்று இருப்போம். கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவி நம் வீட்டில் இருக்கிறதா இல்லையா என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அறியாமையைப் போல ஆபத்தான ஒயர் எந்த வீட்டிலும் கிடையாது.

இரண்டாம் ஆட்சேபணை: "அவர் பிழைப்பில் மண்ணைப் போடலாமா?" இதைச் சொல்கிறவர்கள், ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசும்போது இந்தக் கருணையை எங்கே வைத்திருக்கிறார்கள்? எறும்பைத் துடைப்பதற்காகத் தொழில் தெரிந்த ஒருவரை ஊரின் மறு கோடியிலிருந்து வரவழைப்பது அவருக்கு வாழ்வளிப்பதாகாது; அவருடைய அரை நாளைத் தின்பதாகும். மிளகு ரசம் வைக்கத் தெரிந்ததனால் யாரும் டாக்டரின் பிழைப்பைக் கெடுத்துவிடவில்லை. எது ரசத்தில் போகும், எது டாக்டரிடம் போகவேண்டும் என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

மூன்றாம் ஆட்சேபணை கொஞ்சம் கனமானது: "இன்றைய சாமான்களைத் திறக்கவே முடிவதில்லையே?" உண்மை. வாசலில் கண்ணை வைத்து, வந்தவரைக் கைத்தொலைபேசியில் காட்டுகிற மணிகள் வந்துவிட்டன. பலவற்றில் திருகாணியே கிடையாது, ஒட்டி மூடிவிடுகிறார்கள். கெட்டால் தூக்கி எறி என்பதுதான் அவற்றின் உபதேசம். இதை எதிர்த்து உலகமெங்கும் பழுதுபார்க்கும் உரிமை என்று ஒரு குரல் எழுந்திருக்கிறது. நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 ஜூலையில் அதற்காக ஒரு குழுவை அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் திறக்கும் உரிமையை அரசாங்கம் கொடுத்தாலும், திறக்கும் எண்ணத்தை யார் கொடுப்பது? திருகாணி உள்ள மணியையே திறக்காதவன், திருகாணி இல்லாத மணிக்காக எப்படிச் சண்டை போடுவான்?

இதற்கு நடுவே, நான் எதிர்பாராத ஓர் ஆட்சேபணை என் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. மணி அடித்த மாலையில் நான் வெற்றி வீரனாக ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். மனைவி கீழேயிருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? போன மாசம் குக்கருக்கு வால்வும் காஸ்கெட்டும் மாத்தினேன். அடுப்பு பர்னரைக் கழட்டி, அடைப்பு எடுத்து மாட்டினேன். தையல் மிஷின்ல பாபின் கேஸைப் பிரிச்சுச் சேர்த்தேன். நீங்க ஒரு கட்டுரை எழுதலையே?" என்றாள்.

ஏணியிலிருந்து நான் இறங்கிய வேகம் கொஞ்சம் குறைந்தது. உண்மைதான். வீட்டுப் பெண்கள் காலங்காலமாக யந்திரங்களைப் பிரித்துப் பூட்டி வருகிறார்கள். அதற்கு யாரும் பொறியியல் என்று பெயர் வைக்கவில்லை. 'வீட்டு வேலை' என்று பெயர் வைத்து, அதோடு மறந்துவிட்டோம். கையால் செய்யும் எதையும் கீழே தள்ளும் அதே பழக்கம்தான் அங்கேயும். எறும்பு படிந்தது பொத்தானில் மட்டும் இல்லை என்று அப்போது தோன்றியது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலில் "டிங் டாங்" என்று கேட்டது. திறந்தேன். எலக்ட்ரீஷியன் தம் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சார், மணி அடிக்குதே?" என்றார்.

"நான்தான் தம்பி சரி பண்ணினேன். வந்து பாருங்க, ஒழுங்கா இருக்கான்னு" என்றேன். பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிற பையனைப் போல இருந்தது எனக்கு.

அவர் பொத்தானைத் திறந்து பார்த்தார். "சுத்தம் பண்ணது சரியா இருக்கு சார்" என்றார். மணியில் டெஸ்டரை வைத்தார். யாரும் பொத்தானை அழுத்தாமலே டெஸ்டர் சிவந்து எரிந்தது. அவர் முகம் மாறியது.

"சார், வீடு கட்டினப்பவே தப்பா போட்டிருக்காங்க. பட்டனை நியூட்ரல்ல போட்டிருக்கு. அமுக்கினாலும் அமுக்காட்டியும் மணியில கரண்ட் நின்னுக்கிட்டே இருக்கும். நேத்து மெயினை அணைச்சீங்கள்ல?"

"அணைச்சேன்."

"இன்வெர்ட்டரு?"

"அதையும்."

"பொழச்சீங்க" என்று சிரித்தார். பிறகு பெட்டியைத் திறந்து, ஃபேஸ் ஒயரைப் பொத்தானுக்கு மாற்றிப் போட்டார். ஏன் அப்படிப் போடவேண்டும் என்று நான் கேட்டேன். ஒரு காகிதத்தில் இரண்டு கோடு இழுத்து விளக்கினார். நான் பள்ளியில் வரைந்த படத்தைவிட அது சின்னது. ஆனால் எனக்கு அன்றுதான் விளங்கியது.

வேலை முடிந்ததும், "உட்காருங்க தம்பி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் ஒரு கணம் தயங்கி, கால்சட்டையில் தூசி இருக்கிறதா என்று பின்னால் தட்டிப் பார்த்துக்கொண்டார். அந்தத் தயக்கத்தைப் பார்த்தபோதுதான், பத்து வருஷமாக இந்த வீட்டுக்கு வந்துபோகும் அவர் இதற்கு முன் ஒரு முறைகூட இங்கே உட்கார்ந்ததில்லை என்பது எனக்கு உறைத்தது. என் மனைவி இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் கூலி சொன்னார். நான் பேரம் பேசவில்லை.

அவர் போன பிறகு, பொத்தானுக்கு மேலே நான் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தேன். பிறகு ஸ்ரீரங்கத்துக்குத் தொலைபேசி போட்டு, "மணி அடிக்கிறது அத்தை, வாங்க" என்று சொன்னேன்.